உயிரோடு இருந்தவரின் சுவரொட்டி

கறுப்பு வெள்ளையில் ஒரு பெண்ணின் முகம். கீழே பெரிய எழுத்தில் அவர் பெயர், அதற்கும் கீழே ஒரு தேதி. அந்தச் சுவரொட்டியை வடிவமைத்தவன் நான்தான். வெளிநாட்டுத் திரைவிழாச் சுவரொட்டிகளைக் கணினியில் பார்த்துப் பார்த்து, வண்ணம் என்பது வணிகர்களின் பலவீனம் என்ற முடிவுக்கு வந்திருந்த காலம் அது. பாவூர்சத்திரம் சந்தையைச் சுற்றிச் சுவர் தவறாமல் ஒட்டச் செய்தேன். எங்கள் பக்கத்தில் எதற்காக அப்படி முகத்தை ஒட்டுவார்கள் என்பது, கண்ணீர் அஞ்சலிகளைப் படித்தபடி தினமும் டீ குடிக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

அது ஒரு படத் திரையிடலுக்கான சுவரொட்டி. படத்தை எடுத்தவர் மேலகரத்துப் பெண். அவருடைய அப்பா அந்தச் சந்தையில் மூட்டை தூக்கியவர். மண்டியில் வெங்காயம் தரம் பிரிக்கும் பெண்களைப் பற்றிய ஒரு மணி நேர ஆவணப்படம் அது. சென்னையிலும் வெளிநாட்டிலும் திரையிட்டிருந்தார்கள். எங்கு போனாலும் ஒரே மாதிரி கதர் ஜிப்பாக்கள், ஒரே மாதிரி கேள்விகள். "எங்க ஆளுவளப் பத்தி நான் எடுத்தத எங்க ஆளுவளே பாக்கலன்னா, இனி கேமராவத் தொடுததா இல்ல சார்" என்றார் இயக்குநர், பஸ் நேரம் சொல்வதுபோல அமைதியாக. சந்தை விடுமுறையன்று தென்காசியில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. ஒரு காலத்தில் சோப்புக்கு வாசகம் எழுதியவன் என்ற ஒரே தகுதியில் விளம்பரப் பொறுப்பு என்னிடம் வந்தது.

சுவரொட்டியில் இருந்தவர் அந்த வெங்காய மண்டிப் பெண்களில் ஒருவர்; ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். ஒட்டிய மறுநாள் காலை, அக்காவின் தங்கை சுந்தரபாண்டியபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மார்பில் அடித்துக்கொண்டே சந்தைக்குள் ஓடியிருக்கிறார். பின்னாலேயே மாலையுடன் உறவினர்கள். இயக்குநரும் நானும் போய்ச் சேர்ந்தபோது அக்கா வெங்காயக் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"வாரும் அண்ணாச்சி. அவ அழுதுட்டு வாரா, வீட்ல யாருக்கோ என்னமோ ஆயிட்டுன்னு நானும் கட்டிப்பிடிச்சு அழுதேன். பாதி ஒப்பாரிலதான் தெரியுது, செத்தது நானுன்னு!"

இயக்குநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிரு அக்கா. இந்தப் படமே வேண்டாம், விட்ருவோம்."

"ஏட்டி, செத்தவளப் பாக்க இவ்வளவு பேரு வந்திருக்கான். உசுரோட இருக்கவளப் பாக்க வரமாட்டானா?"

அன்று முதல் படத்துக்கு ஆள் கூப்பிட அக்காவே கிளம்பிவிட்டார். "பல்வகைப் பார்வையாளர்களை அடைதல்" என்று நான் எழுதிய நான்கு பக்கத் திட்டம் என் பையிலேயே இருக்க, நான் அவர் பின்னால் நடந்தேன். டெம்போ டிரைவரிடம், "உம்ம வண்டி ரெண்டு இடத்துல வருது, ஹாரன் சத்தத்தோட." மண்டிக்காரரிடம், "உங்க போர்டு முழுசாத் தெரியுது முதலாளி, பக்கத்து மண்டி போர்டு பாதிதான்." வேதக்கோயிலில் ஜெபம் முடித்து வந்த பெண்களிடம், "நம்ம மணிச்சத்தத்துலதான் படமே ஆரம்பிக்குது." குற்றாலத்தில் சீசனுக்கு வந்தவர்களைக்கூட விடவில்லை: "குளிச்சிட்டு ஈரத்தலையோட வாங்க, மண்டபத்துல பெரிய ஃபேன் கெடக்கு." ஒன்றுகூடப் பொய்யில்லை. சோப்பு விற்றவனுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

மண்டபம் நிறைந்தது. முன்வரிசைக்கே பழகிய முதலாளிகள் சிலர் தாமதமாக வந்து, மூட்டை தூக்குபவர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். படம் முடிந்ததும், விழாக்களில் பழகிய பதில்களோடு இயக்குநர் ஒலிவாங்கி முன் நின்றார். கேள்வியே வரவில்லை. டெம்போக்காரர்தான் எழுந்தார்: "இன்னொரு தடவ போடு தாயி."

இயக்குநர் இப்போது மூன்றாவது படத்தில் இருக்கிறார். விளம்பரத்துக்கு அக்காவைத்தான் கூப்பிடுகிறார். எனக்கு அதில் வருத்தமில்லை என்று எழுதி, இரண்டு முறை அடித்துவிட்டேன். ஆனால் அன்றே மறுபடி போட்ட அந்த இரண்டாவது காட்சியை நினைத்தால் மனம் சமாதானமாகிவிடுகிறது. விளக்கை அணைத்ததும் அக்கா தன் நாற்காலியைத் தூக்கித் திரைக்கு முதுகு காட்டிப் போட்டு, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, படம் அங்கன ஓடுது" என்றார் இயக்குநர்.

"நான் வெங்காயம் பிரிக்கது எனக்குத் தெரியாதா? இவனுவ அதப் பாக்கத இன்னைக்குத்தாம்ட்டி பாக்கேன். நீயும் நாற்காலியத் திருப்பிப் போடு."