டென்னிஸில் ஜெயித்த கை

டாக்டர், என் விரல்கள் திரும்பி வந்திருக்க வேண்டிய மாதங்களை நீங்கள்தான் பாழாக்கினீர்கள்.

இதைத் திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனை நடத்தும் ஒருவருக்குச் சொல்கிறேன். பக்கவாதம் வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் படியுங்கள்.

நான் ஆட்டுத் தரகன். அன்று அய்யலூர் சந்தையில் ஒரு கெடாவின் கயிற்றைப் பிடித்திருந்தேன். கயிறு நழுவியது தெரியவில்லை. ஆடு நடந்து போவதைப் பார்த்த பிறகுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். வலது பக்கம் போயிருந்தது.

உயிர் பிழைத்ததும் அந்த டாக்டரின் மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை (பயிற்சி கொடுத்துத் தசைகளை மீண்டும் இயக்க வைப்பது) தொடங்கியது. அப்போது, 2008 வாக்கில், டாக்டர் புதிதாக ஒரு மிஷின் வாங்கியிருந்தார். கையில் ஒரு சின்னக் கோலைப் பிடித்து வீசினால், டிவியில் ஒரு பொம்மை அதே மாதிரி டென்னிஸ் பந்தடிக்கும். கையசைவை மிஷினே உணர்ந்துகொள்ளும்.

என் விரல்கள் மூடவில்லை. அதனால் கோலை உள்ளங்கையில் வைத்துப் பேண்டேஜ் துணியால் கட்டினார்கள். நானும் வீசினேன்.

பொய் சொல்ல மாட்டேன். நோய் வந்த பிறகு நான் முதலில் சிரித்தது அந்த அறையில்தான். தோள் அசைந்தது, நிற்கத் தைரியம் வந்தது. மிஷின்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் சீக்கிரமே ஒன்றைக் கண்டுகொண்டேன். முழங்கையை நீட்டவே வேண்டாம். இடுப்பைத் திருப்பி உடம்போடு ஒரு வெட்டு வெட்டினால் போதும், பாயிண்ட் விழுந்தது. இதற்கு ஈடுகட்டும் அசைவு (செயலிழந்த தசையின் வேலையை வேறு தசையால் முடிப்பது) என்று பெயராம். பின்னால்தான் தெரிந்தது. நான் ஏமாற்றுவது மிஷினுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவர்கள் டிவியைப் பார்த்தார்கள், என் கையைப் பார்க்கவில்லை. டாக்டர் என்னை வீடியோ எடுத்து, தான் நடத்தும் இலவச மருத்துவ முகாமில் திரை கட்டிப் போட்டார். கூட்டம் கைதட்டியது.

குணமாகிவிட்டது என்று நம்பிச் சந்தைக்குப் போனேன்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கைவிட்டு, எதிராளியின் விரல்களைப் பிடித்துச் சொல்வோம். ஒரு விரலுக்கு ஆயிரம். கெடா விற்க வந்த ஒரு வடமதுரைக்காரரிடம் நாலு விரலைப் பிடிக்க நினைத்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் மூடவில்லை. அவருக்கு இரண்டுதான் போய்ச் சேர்ந்தது.

அவர் கையை வெடுக்கென்று உருவினார். "ஏன் பாய், என் கெடா என்ன சாகக் கெடக்கா? இந்த வெல கேக்குறீங்க?"

கூட்டாளி பெருமாள் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனான். "மாமா, ஒங்க கை என்ன பேசுதுன்னு வெளங்கல. கொஞ்ச நாளைக்கு வீட்ல இருங்க."

விலை பேச இடது கையை நீட்ட முடியாது, அது அவமதிப்பு. அதைவிட எதிராளியை அடித்துவிடலாம்.

டாக்டரிடம் போனேன். "ஸ்கோரைப் பாருங்க பாய், நீங்கதான் எங்க ஸ்டார் பேஷண்ட்" என்றார். விரல் மூடவில்லை என்றேன். "ஆட்டு யாவாரத்துக்கெல்லாம் மிஷின்ல கேம் இல்லையே பாய்" என்று சிரித்தார்.

நான் ஆட்டையா கேட்டேன்? விரலைக் கேட்டேன்.

அரசு மருத்துவமனையில் என்னைப் பார்த்த இயன்முறை சிகிச்சையாளர் உடைத்துச் சொன்னார்: "கை திரும்ப, மொத மாசங்கதான் நல்ல காலம். வெரலுக்குத் தனியாப் பயிற்சி குடுத்திருக்கணும். இப்பவும் வரும். மெதுவா வரும்." அந்த நல்ல காலத்தில்தான் நான் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னபடி சப்பாத்தி மாவைப் பிசைந்தேன். பிறகு என் மனைவி நூர்ஜஹானே ஒரு துண்டை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். விரல் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன்.

"இம்புட்டுத்தானா ஒங்க ரகசியம்? இதுக்கா இத்தன வருசமாப் பெருமையடிச்சீங்க?"

"பிடி. வெல சொல்றேன்."

"இது மூணா, நாலா?"

"நாலு."

"வாயால சொல்லாதீங்க. வெரலு சொல்லட்டும்."

மோதிர விரல் வந்தது. சுண்டு விரல் இன்னும் பாதிதான். மீண்டும் சந்தைக்குப் போகிறேன். முன்பெல்லாம் கை வேறு, நான் வேறு என்று நினைத்ததே இல்லை. இப்போது நான் நினைப்பதற்கும் விரல் மூடுவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. துண்டுக்குள் அந்த இடைவெளியில் நான் காத்திருக்கிறேன், எதிராளியும் காத்திருக்கிறார். இனி என் காலம் அந்த வேகத்தில்தான் ஓடும். அதோடு வாழப் பழகிவிட்டேன். மன்னிக்கப் பழகவில்லை.

டாக்டர், அடுத்த முகாமுக்கு வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட வேண்டாம். மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லுங்கள்: உங்கள் மிஷினில் ஜெயித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் சட்டைப் பித்தானைத் தாங்களே போடுகிறார்கள்?