கடைமடைக்கு ஒரு சம்மதம்

மேட்டூர் அணை திறந்ததாக டிவியில் பார்த்தால் அன்றே அலுவலகத்தில் இனிப்பு கொடுத்துவிடுவேன். டெல்டாக்காரனுக்கு மட்டும் வரும் கிறுக்கு இது. அதிலும் எங்கள் ஊர் கடைமடை. காவிரி பல ஆறாகப் பிரிந்து, வாய்க்காலாகச் சுருங்கி, மற்றவர்கள் எடுத்தது போக மிச்சத்தோடு கடலுக்கு வழி கேட்கிற இடம். அணை திறந்து வாரக்கணக்கில் ஆன பிறகுதான் அங்கே ஈரம் தெரியும். அதற்குள் நான் கொடுத்த இனிப்பு எல்லோருக்கும் செரித்திருக்கும்.

சோழன் கட்டிய கல்லணையைப் பற்றி ஆவடி பஸ்ஸில் யார் கிடைத்தாலும் பெருமை அடிப்பேன். கல்லணைக்குக் கீழே நடந்த வரலாற்றை மட்டும் சொல்லமாட்டேன். மேல்மடைக்காரன் அடைப்பான், கீழ்மடைக்காரன் உடைப்பான். இருவருக்கும் மண்டை உடைந்த பிறகு சம்பந்தம் பேசுவார்கள். எங்கள் சொந்தபந்தமே அப்படி உண்டானதுதான்.

இந்த வருஷம் இனிப்பு கொடுத்துவிட்டு வீடு திரும்பிய நேரத்தில் ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். எங்கள் இருவருக்கும் பொதுவான வயலை அவன்தான் பார்க்கிறான். கடல் தண்ணீர் நிலத்தடியில் ஏறிவிட்டது, நாற்று கருகுகிறது, இறால் குட்டைக்கு விடலாமென்று இருக்கிறேன், உனக்குச் சம்மதமா என்றான். கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தேன். மனைவி வாயு மாத்திரை எடுத்து வந்தாள். மண் தோண்டும் இயந்திரத்துக்கு முன்னால் வரப்பில் குறுக்கே படுப்பதாகக் கற்பனை செய்துகொண்டேன். கற்பனையில்கூட ஷூ போட்டிருந்தேன்.

ஆறுதல் தேடிக் கீழே இறங்கினேன். எங்கள் குடியிருப்பின் கேட்டுக்கு எதிரே சிமெண்ட் கடை வைத்திருப்பவர் என் வயதுக்காரர், ஆவடிக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் இந்த வெள்ளானூரிலேயே பிறந்து வளர்ந்தவர். விவசாயக் குடும்பம். வயலை அழிக்காதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பியிடம் அதையே என் கருத்தாகச் சொல்லிவிடலாம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீ கீற ஊடு கீதே, அது எங்க நாத்தங்கால். அதுக்கு நீ அழுது நான் ஒருநா கூட பாத்ததில்லியே, அண்ணாத்தே."

கோபமாகச் சொல்லவில்லை. டீயும் வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் மோசம்.

இன்னொருவர் நாற்றங்காலில் டைல்ஸ் ஒட்டிக் குடியிருப்பவன் எந்த வாயால் தடுப்பது? மாடிக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டுச் சம்மதம் என்றேன். காலத்துக்கேற்ப மாறவேண்டும் என்று ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன். முடித்ததும் லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"வேணாம்டான்னு நீ சத்தம் போடுவேன்னு நெனச்சேண்ணே. போட்டிருந்தா இன்னும் ஒரு போகம் பாத்திருப்பேன்" என்றான்.

உடனே ஒரு ஜோக் சொன்னேன். பயந்தால் எனக்கு அதுதான் வரும். அவன் சிரிக்காமல் வைத்துவிட்டான்.

குட்டை வெட்டி முடித்த பிறகு, பல வருஷமாக இல்லாத அதிசயமாக, வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்தது. தம்பி படம் அனுப்பினான். கரைக்கு ஒரு பக்கம் காவிரி. மறுபக்கம் எங்கள் வயலில் தேக்கிய உப்புத்தண்ணீர். அதோடு ஒரு சொல்கூட எழுதவில்லை.

பதிலுக்கு ஒரு சிரிப்பு எமோஜி போய்விட்டது. விரலின் பழக்கம். திரும்ப எடுப்பதற்குள் அவன் பார்த்துவிட்டான்.