சொந்தக் குரலுக்கு உரிமம்

நடந்ததை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை குலைந்தால் யார் மேல் குற்றம் என்பதும் குலைந்துவிடும். கம்ப்யூட்டர் விவகாரங்களில் எல்லோரும் அப்படிக் குலைத்துத்தான் தப்பித்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வரத் தொடங்கியிருந்த காலம். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் என் மனைவி பாட்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவள் கழுத்தில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போயிற்று, குரலும் கூடவே போயிற்று. பேசினால் காய்ந்த வாழைமட்டையைத் தரையில் தேய்ப்பதுபோல ஒரு கரகரப்பு வரும். பாட முடியாது.

ஆனாலும் வகுப்பு நிற்கவில்லை. குரல் நன்றாக இருந்த காலத்தில், பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பழகுவதற்காக, சரளி வரிசையிலிருந்து கீதம் வரை கேசட்டுகளில் பாடி வைத்திருந்தாள். அந்தக் கேசட்டுகள் தேய்ந்து இழுக்க ஆரம்பித்தபோது, பெரிய காஞ்சிபுரத்தில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த பாய் இரைச்சலை எல்லாம் நீக்கி ஒரு சிடியில் ஏற்றிக் கொடுத்தார். சிடியிலிருந்து நான் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் அவள் அதைப் பாடிய தேதியையே பெயராக வைத்தேன். தேதி இல்லாத எதையும் என்னால் அலமாரியில் வைக்க முடியாது.

கம்ப்யூட்டர் பாடும். அவள் தொடையில் தாளம் போட்டபடி கேட்டிருப்பாள். பிள்ளை தவறினால் விரலை உயர்த்துவாள். நான் நிறுத்தி மறுபடி போடுவேன். பழைய குரலும் இன்றைய காதும் சேர்ந்து அந்த வகுப்பை நடத்தின. வெளியூர் போன இரண்டு மாணவிகள் நகல் கேட்டதால் சிடியைப் பாயிடமே திருப்பிக் கொடுத்திருந்தோம்.

சரஸ்வதி பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் எந்தக் கருவியும் வேலை செய்யாது. தறி நிற்கும். நூல் சுற்றிய தார்க்குச்சியும் தறியில் ஓடும் நாடாவும் பொட்டு வைத்துக்கொண்டு தட்டில் உட்கார்ந்திருக்கும். சைக்கிள் கடைப் பம்புக்கும் மாலை உண்டு. எங்கள் வீட்டில் பாடம் சொல்லும் கருவி கம்ப்யூட்டர்தான் என்பதால் அதற்கும் ஓய்வு கொடுக்க அணைக்கப் போனேன். அது அணைய மறுத்தது. மேம்பாடுகள் நிறுவப்படுகின்றன, மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. நான் கேட்காத மேம்பாடுகள்.

மனைவி சந்தனக் கிண்ணத்துடன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னும் என்ன பண்ணுது?"

"வேலை செய்யுது."

"இன்னிக்கா?"

ஊரே ஓய்ந்திருக்கும் நாளில் அது ஒன்று மட்டும் உழைத்துக்கொண்டிருந்தது. அவள் காத்துப் பார்த்தாள். கற்பூரம் ஏற்றும் நேரம் நெருங்கவே, ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்கே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விஜயதசமி. புதிதாகப் பாட்டுத் தொடங்கும் பிள்ளைகளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்துடன் அழைத்து வரும் நாள். நல்ல நேரம் முடிவதற்குள் முதல் வரிசையைப் பாடிவிட வேண்டும். குரல் போன டீச்சரிடம் பிள்ளையை விடலாமா என்று தெருவில் பேச்சு இருந்தது அவளுக்குத் தெரியும். முந்திய ஆண்டு புதிதாக யாரும் வரவில்லை. இந்த முறை மூன்று வீட்டில் சம்மதித்திருந்தார்கள். அந்த மூன்று பிள்ளைகளும் நிலைத்தால்தான் வகுப்பும் நிலைக்கும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

காலையில் குளித்துவிட்டு வந்து முதல் பாடத்தைத் தானே போட்டுப் பார்த்தாள். "டிங்" என்று ஒரு சத்தம். திரையில் ஒரு கட்டம். இந்தப் பாட்டை இயக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அவள் இரண்டு முறை படித்தாள்.

"நான் பாடினதுக்கு எனக்கே ரைட்ஸ் இல்லையாம்."

அணைத்துப் போட்டேன். ஒலியைக் கூட்டினேன். வேறு தேதியை எடுத்தேன். எல்லாத் தேதிக்கும் அதே கட்டம்தான் வந்தது. கட்டத்தில் இருந்த உதவிப் பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கம் திறந்தது. உங்களுக்கு இந்தப் பாடலை விற்றவரை அணுகி உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்றது. விற்றவர்! அவர் மடிசாரில் பக்கத்து மணையில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தகவல் பயனுள்ளதா என்று பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி. இல்லை என்றேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்றது.

கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்த கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் சந்தனத்தைப் பார்த்தார்.

"சார், இத வெச்சா இப்படித்தான் ஆவும். ஈரம் உள்ள எறங்கிக்கினு இருக்கும். சவுண்டு கார்டு அவுட்டு."

"சவுண்டு கார்டு போயிருந்தா 'டிங்'னு எப்படிக் கேக்குது?"

"அது வேற சவுண்டு சார்."

"ஒரே ஸ்பீக்கர்லதானே வருது?"

"நீங்க படிச்சவரு சார், உங்க கிட்ட பேச முடியுமா?" என்று சிரித்தார். "மெஷினுக்கெல்லாம் பூஜ போட்டா வாரன்டி செல்லாதுபா."

என் மனைவி எழுந்து போய் ஒரு துணியைக் கொண்டுவந்து சந்தனத்தைத் துடைத்தாள். அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்காததற்கு அந்தத் துணிதான் காரணம். அவள் மேல் தவறு என்று அவளையே நம்ப வைத்துவிட்டார்.

துடைத்த பிறகும் அதே கட்டம் வந்தது. "ஃபார்மட் பண்ணிடலாம் சார், புதுசா ஆயிடும்" என்றார்.

"உள்ள இருக்கற பாட்டு?"

"பாட்டுக்கு என்னா சார், கடையில எவ்ளோ வேணும்?"

அவரை அனுப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். பழைய தேதி ஒன்றுக்குக் கம்ப்யூட்டரைத் திருப்ப வழி இருப்பதாக ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். தேடினால் ஒரு நாட்காட்டியே வந்தது. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு இயந்திரம் தேதி என்கிற என் மொழியில் பேசியது. பூஜைக்கு முந்திய நாளைத் தேர்ந்தெடுத்தேன். வெகுநேரம் உருண்டுவிட்டு, திரும்ப முடியவில்லை, மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்றது. முந்திய நாள் மாற்றம் செய்யும்போது மட்டும் அதற்கு முடிந்திருந்தது.

உதவிப் பக்கங்களை மேலும் தோண்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. சிடியிலிருந்து நகல் எடுக்கும்போதே கம்ப்யூட்டரில் பாட்டைப் போடும் நிரல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பூட்டைப் போட்டிருக்கிறது. நான் பூட்டச் சொல்லவில்லை; பூட்டியதாக அது சொல்லவுமில்லை. திறவுகோலையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. மேம்பாடு வந்தபோது அந்தத் திறவுகோலைத் தொலைத்துவிட்டு, கதவைத் தட்டுகிறவரைத் திருடன் என்கிறது.

எங்கள் கோயில் சுவர்களில், ஒரு விளக்குக்கு நெய் கொடுத்தவன்கூட, சந்திர சூரியர் உள்ளவரை என்று வெட்டி வைத்திருக்கிறான். அந்தத் தர்மத்தைக் கெடுப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபமும் வைத்திருக்கிறான். அந்தச் சாபத்தை நானும் வைத்திருப்பேன். யாருக்கு வைப்பது? பெயர் இல்லை, ஊர் இல்லை, ஓர் ஆங்கில வாக்கியமும் ஒரு நன்றியும் மட்டும்.

பாய்க்குப் போன் செய்தேன். ஆற்காட்டில் ஒரு நிக்காஹ்வில் இருந்தார். "சிடி கடை பீரோவுல இருக்குது சார். சாவி எங்கிட்ட. சாயந்தரம் வந்துடறேன்" என்றார்.

அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மூன்று அம்மாக்களும் கோரைப்பாயில் உட்கார்ந்து கம்ப்யூட்டரையே பார்த்தார்கள். மனைவி சுருதிப் பெட்டியைப் போட்டாள். நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது. முதல் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, தானே "ஸ" என்றாள். சுருதியில்தான் இருந்தது, ஆனால் மட்டை தேய்கிற அதே கரகரப்பு.

அந்தப் பெண் நெசவுக்காரர் வீட்டுக் குழந்தை, கெட்டிக்காரி. கேட்டதைக் கேட்டபடியே திருப்பினாள். தொண்டையை நெரித்து, அதே கரகரப்போடு, "ஸ".

"ஏய், சரிக்கா பாடு" என்று அவள் அம்மா தெலுங்கில் அதட்டினாள்.

"டீச்சர் அப்படித்தானே பாடினாங்க?"

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். என் மனைவி சுருதிப் பெட்டியை அணைத்தாள். தன் குரல் ஒரு குழந்தையின் தொண்டைக்குள் போய் அதைக் கெடுத்துவிடும் என்றுதான் அவள் இத்தனை நாள் பயந்தாள். அது கண் முன்னாலேயே நடந்துவிட்டது.

"டீச்சருக்கு உடம்பு தேவலாம் ஆவட்டும்மா, அப்பறமா இட்டுக்கினு வரோம்" என்று ஒரு அம்மா எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். இரண்டு தெரு தள்ளி இன்னொரு டீச்சர் இருந்தாள். வாசலைத் தாண்டும்போதே அவள் பெயர் காதில் விழுந்தது.

மாலை பாய் கல்யாணச் சட்டையோடே கடையைத் திறந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் சிடி, மறுகையில் கடையிலிருந்த பழைய சிடி பிளேயர்.

"அந்தப் பொட்டிக்குள்ள மட்டும் போடாதீங்கமா. இதுல போட்டா பாடும், எடுத்தா நிக்கும். அவ்ளோதான் இதுக்குத் தெரியும்."

"எவ்வளவு நாள் வெச்சுக்கலாம்?" என்று கேட்டாள்.

"உங்க பாட்டு கேட்டுத்தாம்மா நானே மைக் புடிக்கக் கத்துக்கினேன். வெச்சுக்கோங்க."

மறுநாள் மாலை வகுப்பு நேரத்தில் கோரைப்பாயை விரித்தோம். கெட்டிக்காரப் பெண் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மற்ற இருவரும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளை எனக்குத் திருப்பித் தர எந்த மேம்பாட்டாலும் முடியாது.

பிளேயர் பாடியது. தெளிவான, நீளமான "ஸ". குழந்தை வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு அதே தெளிவோடு பாடினாள். என் மனைவி விரலை உயர்த்தவே இல்லை.

"இது யாரு டீச்சர் பாடறது?"

அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப நேத்து பாடினது?"

"அதுவும் நான்தான்" என்றாள் கரகரத்த குரலில். "ரெண்டையும் கேளு. பிளேயர்ல வர்றத மாதிரி பாடு."

குழந்தைக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாகப் படவில்லை. அடுத்த வரிசையைப் போடச் சொன்னாள்.