ஏ பிரிவைக் கழுவிய காலை

எனக்கு எழுபத்தெட்டு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூத்த மூன்று பேரும் பள்ளிக்கூடத்தை இடையிலே விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள். கடைக்குட்டிதான் படிக்க ஆசைப்பட்டாள். அவளுடைய ஆறாம் வகுப்பு ரீச்சரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் தும்புத்தடியோடு அவர் நின்ற நிலைதான்.

அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தோம். தவணை தொடங்க முந்தின சனிக்கிழமை பெற்றோர் எல்லாரும் பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கச் சிரமதானத்துக்குப் போக வேண்டும். வாளியும் தும்புத்தடியும் வீட்டிலிருந்து கொண்டுபோவோம். பிள்ளை எந்தப் பிரிவோ அந்த வகுப்பறையைத் தாய் தகப்பன் கழுவுவது வழக்கம். ஆறாம் வகுப்பில் பிள்ளைகளைப் புதிதாகப் பிரிப்பார்கள். யார் எந்தப் பிரிவு என்று அதிபரின் கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரே சனம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அத்தனை பேருக்கு முன்னால் விரலை வைத்துத் தேடிக்கொண்டு நிற்க மனம் வரவில்லை. என் மகள் அதுவரை ஏ பிரிவில்தான் படித்தாள். அவளுடைய கூட்டாளியின் தாய் ஏ பிரிவுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பிள்ளைகள் இருக்கிற வாங்குகளைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சுவிங்கத்தைக் கத்தியால் சுரண்டினேன். பழைய பற்றரிக் கரியை அரைத்துக் கரும்பலகைக்குப் பூசியதும் நான்தான். பிறகு தேத்தண்ணியும் பணிசும் கொடுக்கும்போது பிள்ளையின் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். ஏ பிரிவில் அந்தப் பெயர் இல்லை.

“உங்கட மகள் டி பிரிவெல்லோ அக்கா,” என்றார் கூட்டாளியின் தாய். “பரவாயில்லை, எங்கட பிள்ளையளுக்கு நல்லா மினுக்கித் தந்திட்டியள்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடித்த பணிசைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

டி பிரிவு என்றால் படிக்காத பிள்ளைகளின் பிரிவு என்று ஊரெல்லாம் பேச்சு. வாளியோடு நேரே உப அதிபரிடம் போனேன். இந்த முறை புள்ளி பார்த்துப் பிரிக்கவில்லை, எல்லாரையும் கலந்துதான் போட்டிருக்கிறோம் என்றார். நான் நம்பவில்லை. இரண்டு கிழமை போகட்டும், பிறகும் வேண்டுமென்றால் மாற்றித் தருகிறேன் என்று கடைசியில் வாக்குக் கொடுத்தார்.

டி பிரிவில் ரீச்சர் தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு தகப்பன் மட்டும் உடைந்த வாங்குக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை. நான் ஏ பிரிவைக் கழுவிய கதை எனக்கு முன்னே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

“வாங்கோ அம்மா. அங்க ஒத்திகை பார்த்திட்டு வந்திருக்கிறியள். இனி எங்கட வகுப்பைக் கழுவுவம்,” என்றார் ரீச்சர்.

கோபத்தோடுதான் வாளியை வைத்தேன். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

வேலை முடிந்ததும், பிள்ளையை எங்கே இருத்துவோம், உங்களுக்குத்தானே அவளைத் தெரியும் என்று கேட்டார். நாலு பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடப் படி ஏறியிருக்கிறேன். என் யோசனையைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஜன்னலோரம் வேண்டாம், பராக்குப் பார்ப்பாள் என்றேன். வாய்க்காரப் பிள்ளைக்குப் பக்கத்திலும் வேண்டாம், இவளுடைய கதையையும் அதுவே கதைத்துவிடும் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை வருடமும் கூட்டாளி கதைக்க, என் மகள் பக்கத்தில் இருந்து தலையாட்டிக்கொண்டல்லவா இருந்தாள்.

முதல் கிழமை அழுதாள். சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே திரும்பி வந்தது. அடுத்த கிழமை ஒருநாள் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து நின்றாள். “அம்மா, இண்டைக்கு நானே எழும்பிச் சொன்னனான்.” என்ன கேள்வி, என்ன பதில் என்று எனக்கு விளங்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி அவள் கதைத்துக்கொண்டே இருந்தது மட்டும் விளங்கியது.

ஏ பிரிவில் இடம் இருக்கிறது என்று உப அதிபர் ஆள் அனுப்பினார். நல்ல சேலை உடுத்துப் போய், வேண்டாம் என்றேன்.

“அண்டைக்கு வாளியோட வந்து சண்டை பிடிச்ச ஆளெல்லோ நீங்கள்?”

“ஓம் சேர். அண்டைக்கு அவள் வாய் திறக்கமாட்டாள். இப்ப நான் காதைப் பொத்த வேண்டிக் கிடக்கு.”

மகள் மேல்வகுப்புக்குப் போன பிறகும், சிரமதானம் வந்தால் அந்த ரீச்சரின் அறையைத்தான் முதலில் கழுவுவேன். ஒத்திகை முடிஞ்சுதோ அம்மா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

இப்போது அந்த மகளோடு வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கிறேன். அவளுடைய மகளுக்கு வருகிற கிழமை ஆறாம் வகுப்பு. பிரிவு விபரம் நேற்றுப் போனுக்கே வந்துவிட்டது. பேத்தியின் கூட்டாளிமார் எல்லாரும் வேறு பிரிவு. காலையிலிருந்து மகள் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கோல் எடுத்து, பிரிவை மாற்றச் சொல்லிக் கேட்கிறாள். நான் ஏதும் சொன்னால், இந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் உங்களுக்கு விளங்காது அம்மா என்கிறாள். அதனால்தான் பேத்தியைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல இதை எழுத வைத்தேன்.

எழுதி முடிச்சிட்டியோ பிள்ளை? இனித் திருப்பி வாசி. இங்க இருந்து வேண்டாம், அந்த அறைக் கதவடியில போய் நிண்டு, உன்ர அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி வாசி.