தொப்பி கேமும் திரும்பி உக்காந்த ஸ்டீபண்ணனும்

வீடியோ கேம் கடை நடத்துறதுன்னா, விரல்ல ஆடுறவங்களுக்கு ரெண்டு நாற்காலி, வாயில ஆடுறவங்களுக்கு எட்டு நாற்காலி போடறதுங்க. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேல படிக்கட்டு ஏறினா நம்ம கடை. என்னாட்டம் கடை வெச்சு மாட்டுனவங்களோ, கேம் பைத்தியத்த ஊட்டுல வெச்சு மேய்க்கிறவங்களோ இதப் படிச்சீங்கன்னா, கொஞ்சம் நகந்து உக்காருங்க. நானும் உங்க கட்சிதான்.

ரெண்டு நிமிச வீடியோ, ஒரு மாசச் சண்டை

எங்க கடையில தொப்பி கேமுன்னு ஒண்ணு. நெச பேரு இங்கிலீசுல நீளமா இருக்கும், எனக்கு வாயில நொழயாது. தொப்பி போட்ட ஒரு ஆளு வாளும் துப்பாக்கியுமா ஊர் ஊரா சண்டை போடுவான். ஆறு பார்ட்டு வந்தாச்சு. ஆறையும் ஜோடி போட்டு முடிச்சவங்க ரெண்டு பேரு. ஒருத்தரு வெடிமருந்து பேக்டரில வேலை பாக்குற ஸ்டீபண்ணன். இன்னொருத்தன் பக்கத்தூரு கேத்தியில கேரட் போட்டு, அத சொந்த லாரில மேட்டுப்பாளையம் எறக்குற போஜன். கேமுல ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் ஓடி வந்து தூக்கி உடணும். ஆறு பார்ட்டா இவங்க ஒருத்தர ஒருத்தர் தூக்கியே பழகுனவங்க.

ஏழாவதுக்கு ரெண்டு நிமிச வீடியோ உட்டாங்க. அதுல தொப்பிக்காரன் இல்ல, அவன் மக தொப்பிய மாட்டிக்கிட்டு வர்றா. அம்புட்டுதான். போஜன் அருமைங்கறான், ஸ்டீபண்ணன் கதையக் கெடுத்துட்டாங்கங்கறாரு. கேமு வரவே இல்ல, ஒருத்தனும் தொட்டுப் பாக்கல, ஒரு மாசம் சண்டை. பொண்ணு போட்டோவ மட்டும் பாத்துட்டு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அடிச்சுக்குவாங்களே, அந்தக் கூத்து. கடைசியில ஸ்டீபண்ணன், ஏழ நான் தொடவே மாட்டேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாரு. போஜன் ஏன்னு கேட்டான். அவரு சொன்னது இது:

"தொப்பிய மாட்டுனவங்க எல்லாம் தொப்பிக்காரனாடா போஜா?"

கேரட் சாக்குல வந்த டிஸ்க்கு

கேமு வெளியாச்சு. டவுன்லோடு போட்டேன். நம்ம மலையில மழை வந்தா மரம் விழும், மரம் விழுந்தா ஒயரு போகும். மூணு நாள் கழிச்சுப் பாத்தா, டிவியில அந்த டவுன்லோடு கோடு ஒரு நத்தை தூரம் நகந்திருக்குது. போஜன் பொறுக்க மாட்டாம மேட்டுப்பாளையம் மண்டிக்கு டிஸ்க்க வரவழைச்சு, காலி சாக்குக்குள்ள சுருட்டி லாரில ஏத்திட்டு வந்துட்டான். டப்பா நெறய கேத்தி மண்ணு.

அப்ப கடையில இருந்தது ஜெயந்தியக்கா. டீ ஏலம் உடற ஆபீசுல கிளார்க்கு, மத்தியானம் டிபன் டப்பாவோட வந்து அரை மணி நேரம் ஆடிட்டுப் போறவங்க. டிஸ்க்க வாங்கி ஸ்வெட்டர் கையில தொடச்சாங்க. டப்பாவுக்குள்ள இருந்து ஒரு கேரட் தழை விழுந்துச்சு. அத எடுத்து என்கிட்ட நீட்டிட்டுக் கேட்டாங்க:

"ஏனுங்க, இத டிவியில போடறதுங்களா, சாம்பார்ல போடறதுங்களா?"

ரெண்டு எலையும் ஒரு மொட்டும்

ஆட மாட்டேன்னு சொன்ன மனுசன் கடைக்கு வராம இருந்தாரா? தெனமும் வந்தாருங்க. வந்து நாற்காலிய ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகக் காட்டி உக்காந்துக்குவாரு. எங்கிட்ட ஆறாவது பார்ட்டோட பெருமைய பேசுவாரு. பஸ்ஸப் பாத்துக்கிட்டே பேசுவாரு.

போஜனுக்கு வேற ஜோடி இல்ல, ஜெயந்தியக்காவ உக்கார வெச்சான். அக்காவுக்கு சண்டையில ஆர்வம் கெடையாது. அந்த ஊர்ல வழியெல்லாம் மூலிகைச் செடி இருக்குது, அதப் பறிச்சுக்கிட்டே போவாங்க. போஜன் நாலு பேர்கிட்ட வெட்டு வாங்கி விழுந்து, தூக்கி உடுங்க தூக்கி உடுங்கன்னு கத்துறான். அக்கா தேயிலை கிள்ளுற தோரணையில, திரும்பியே பாக்காம சொன்னாங்க:

"இருப்பா, ரெண்டு எலையும் ஒரு மொட்டும் கிள்ளிட்டு வந்தர்றேன்."

பன்னெண்டு தடவ வெடிச்ச கிடங்கு

சிரிச்சாலும் போஜன் மூஞ்சில சொரத்தே இல்லீங்க. ஒவ்வொரு தடவ விழுறப்பவும் அவன் கண்ணு அந்தத் திருப்பிப் போட்ட நாற்காலிக்குத்தான் போகும். ஒரு நாள் தனியா என்கிட்ட சொன்னான், ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன், அண்ணன் ஆட வரலேன்னா டிஸ்க்க நீயே வெச்சுக்க, நான் இந்தப் பக்கம் வரலேன்னு. இவங்க ரெண்டு பேரும் கத்தாத கடை எனக்கு எதுக்கு?

ஞாயிறு மத்தியானம். ஆபீசு லீவுன்னாலும் அக்கா டிபன் டப்பாவோட வந்துட்டாங்க. போஜனும் அக்காவும் ஒரு மருந்துக் கிடங்குல மாட்டிக்கிட்டாங்க. இருட்டுக் கிடங்கு, உள்ள பீப்பா பீப்பாயா வெடிமருந்து. கதவத் தொறந்து ரெண்டடி வெச்சா டமார். பன்னெண்டு தடவ டமார். போன்ல தேடிப் பாத்தா உலகம் பூரா கேமு தப்பு, கேமு தப்புன்னு திட்டிட்டு இருக்கறானுங்க. ஸ்டீபண்ணன் சர்ச்சுக்குப் போன வெள்ளைச் சட்டையோட ரோட்டப் பாத்து உக்காந்திருக்காரு. ஒவ்வொரு டமாருக்கும் அவரு தோள் மட்டும் துள்ளுது. எதுல வெடிக்குதுன்னு என்கிட்ட மெதுவாக் கேட்டாரு. சொன்னேன். கையில என்னடா வெச்சிருக்கானுங்கன்னாரு. இருட்டுங்கண்ணா, தீப்பந்தம்னேன்.

மனுசன் நாற்காலியோட சேந்து திரும்பிட்டாரு. அவங்க பேக்டரி கேட்டுல தீப்பெட்டி, பீடி, லைட்டரு எல்லாத்தையும் வாங்கி வெச்சுட்டுத்தான் ஆள உள்ள உடுவாங்களாம். இருவத்திரெண்டு வருசமா தெனமும் பாக்கெட்ட உதறிக் காட்டிட்டு வேலைக்குப் போற ஆளு. போன மாசத்துக்கப்புறம் மொத தடவ போஜனப் பாத்துப் பேசினாரு:

"நெருப்ப வாசல்லயே வெச்சுட்டு உள்ள போங்கடா, யாருடா உங்கள வேலைக்கு எடுத்தது?"

எந்திரி போஜா

தீப்பந்தத்த வாசல்ல வெச்சாங்க. உள்ள போனாங்க. வெடிக்கல. கிடங்கோட மேல்ஜன்னல்ல இருந்து நெலா வெளிச்சம் எறங்குது, வழி தெரியுது. ஜெயந்தியக்கா கன்ட்ரோலர அண்ணன் மடியில வெச்சுட்டு, டிபன் டப்பாவ எடுத்துக்கிட்டு நகந்துட்டாங்க.

அண்ணன் அதத் தொடல. அங்க போஜன் ஒத்தக் காவக்காரன்கிட்ட, அதுவும் ஒரு நோஞ்சான்கிட்ட, வெட்டு வாங்கிக் கீழ விழுந்துட்டான். வேணும்னே விழுந்தானான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல. எந்திரி போஜான்னு சொல்லிக்கிட்டே அண்ணன் கட்டைவிரல் தானா அமுக்குச்சு. தொப்பிக்காரன் மக ஓடிப் போயித் தூக்கி உட்டா.

நாலு மணி நேரம் ஆடுனாங்க. நாலு மணி நேரமும் அண்ணன் திட்டுனாரு. கதை மோசம், பாட்டு மோசம், அந்தப் புள்ள ஓடுறது மோசம், ஆறாவது பார்ட்டு கால்தூசுக்கு வராதுன்னாரு. போஜனும் உடல, வரிக்கு வரி பதில் குடுத்தான். எனக்குக் காது ரெண்டும் குளுந்துபோச்சு. படி எறங்குறப்ப அண்ணன் நின்னு, என்னைப் பாத்துச் சொன்னாரு:

"குப்பை கேமுடா மணி. நாளைக்கு எத்தன மணிக்குத் தொறப்பே?"

இந்தத் தொழில்ல நான் படிச்சது இவ்வளவுதானுங்க: கேமு நல்லாருக்குன்னு சொல்றவன் ஒரு வாரத்துல போயிருவான், குப்பைன்னு சொல்றவருக்குத்தான் நாற்காலி தேயும்.