அண்ணாச்சியின் ராஜா கார்டுகள்

எங்கள் அண்ணாச்சி போய் ஒரு வருசம் திரும்புகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சி பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்கு மலையாள தேசத்தில், சாலைக் கடைத்தெருவில் வேலை கிடைத்து வலியசாலைக்கு வந்தோம். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணாச்சி கடையில் மூட்டை தூக்கிக்கொண்டே படித்துச் சரித்திர வாத்தியார் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் தாலியறுத்து வந்து நின்றபோது ஒரு கேள்வி கேட்காமல் கதவைத் திறந்தவர்.

அவர் வகுப்பில் பிள்ளைகள் இரண்டு கட்சி. ராஜாக்களின் கார்டுகளை எந்தக் கட்சி முதலில் வரிசையாக அடுக்குகிறதோ அதற்கு வெற்றி. சரிபார்க்கக் கார்டின் பின்னால் எண் இருக்கும். ஏமாற்றக் கலந்து வைத்த, பட்டம் ஏறாதவர் கார்டுக்குச் சைபர். எண் ஒட்டுவது நான். ஒருமுறை திருவிதாங்கூர் ராஜா ஒருவரின் மகனுக்குச் சைபர், மருமகனுக்கு அடுத்த எண் என்று அண்ணாச்சி குறித்துக் கொடுத்தார். பெற்ற மகனுக்கா சைபர் என்று நான் மாற்றி ஒட்டிவிட்டேன். சரியாக அடுக்கிய கட்சி தோற்றது. சண்டை வந்து சட்டை கிழிந்தது. ஹெட்மாஸ்டர் விளையாட்டையே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்தார். வற்புறுத்திக் கேட்டபிறகுதான் சொன்னார்.

“எண் மாறிப்போச்சு ஏட்டி.”

“நாந்தான் மாத்தினேன். மகன் இருக்க மருமகனுக்கா பட்டம்?”

“இங்க அப்பிடித்தான், கூடப்பொறந்தவ மகனுக்குத்தான். உன்னைக் கேட்டா பட்டம் கட்டுனாவ?”

“எம்மேல சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லி?”

மறுநாள் நானே பள்ளிக்கூடம் போனேன்.

“சாரே, ஒட்டுனது நான். எங்க அண்ணாச்சிக்குத் தப்பு வராது.”

ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார். “செரி. இனி மருமகன்மாரைத் தொட வேண்டாம், கேட்டோ!”

பெட்டி வகுப்புக்குத் திரும்பியது. அதன்பின் என்னோடு ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்காமல் அண்ணாச்சி எந்தக் கார்டையும் கொண்டுபோனதில்லை. ரிட்டையரான பிறகும் சாயங்காலம் ஆடுவோம். கடைசியில் கை நடுங்கிக் கார்டு நழுவும். பொறுக்கப் போனால், “எதிர்க்கட்சி தொடப்படாது” என்பார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள்தான் இருந்தார். இப்போது இந்த வீட்டில் எனக்கு எதிர்க்கட்சி இல்லை. விளக்கு வைத்ததும் கதவைச் சாத்திவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிய அடுத்த வீட்டாருக்கும், பதினாறு நாளும் சோறு கொடுத்தனுப்பிய தெருவுக்கும், தோள் கொடுத்த மாணவர்களுக்கும் நான் கும்பிடக் கடமைப்பட்டவள். அவரிடம் படித்து டீச்சரான பெண் ஒருத்தி, தன் வகுப்புக்கு அந்தப் பெட்டியைக் கேட்டாள். வருசம் திரும்பட்டும் என்றேன். திரும்பிவிட்டது. வந்து எடுத்துக்கொள்ளட்டும். எடுத்துப் போகுமுன் என்னோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும். வயசானவள் என்று விட்டுக்கொடுக்கக் கூடாது.