வரிசைக்குள் வந்த மொபெட்

ஞாயிறு காலை எங்கள் பைக் கிளப், மரக்காணம் உப்பளத்தருகே ஒரு லாரிக்குப் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வரிசை நடுவில் ஒரு மொபெட் நுழைந்தது. ஓட்டி வந்த அக்காவுக்குச் சேலைமேல் ஆண்கள் சட்டை, சிவப்பு ஹெல்மெட், பின்னால் மீன் பெட்டி. பள்ளம் வந்தால் காலை நீட்டிப் பின்னால் வருபவருக்குக் காட்டுவது எங்கள் வழக்கம். அந்த அக்காவும் ரப்பர் செருப்புக் காலை அழகாக நீட்டினார்.

டீக்கடையில் எங்களோடு அவரும் நின்றார். வரிசை கலைந்தால் பொறுக்காத எங்கள் கேப்டன் கேட்டார்: “ஏங்க்கா, எங்க கூடவா வர்றீங்க?”

“நானா? தினம் நான் போற ரோடுப்பா இது. நீங்கதான் என் கூட வர்றீங்க!”

கேப்டனே சிரித்துவிட்டு அவரை முன்னால் போகச் சொன்னார். மீன் மார்க்கெட் வரை அவர் கால் நீட்டிய இடத்திலெல்லாம் நாங்கள் அத்தனை பேரும் நீட்டினோம்.

அவர் பெயர்கூடத் தெரியாது. அன்று இருந்த அளவுக்கு எங்கள் வரிசை அதன்பின் ஒழுங்காக இருந்ததே இல்லை.